நெய் காணிக்கையா, கட்டண தரிசனமா?

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் குடியிருக்கிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி "கலெக்டர் ஆபீஸா?" என்றுதான் வரும். இல்லை என்றால், "அப்ப பிளாட் பிசினஸா?" இரண்டும் இல்லை, நடுகல் பற்றி வீடியோ போடுகிறேன் என்றால் கேட்டவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "அதுல இன்னா சார் வருது?" என்பார்.

நியாயமான கேள்விதான். விளம்பரப் பங்காக வருவதில் வண்டிக்குப் பெட்ரோல் போடலாம். சில மாதம் அதுவும் இழுபறி. செங்கம், தண்டராம்பட்டு, ஜவ்வாது மலை என்று சுற்றுவதற்கும், பழைய கல்வெட்டுத் தொகுதிகள் வாங்குவதற்கும், மைக்குக்கும் கேமராவுக்கும் இதுவரை வேறு வேலையில் சம்பாதித்த காசுதான் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதே ஒரு கேள்விதானே. ஆகவே இந்த ஆண்டு கார்த்திகை தீபம் முடிந்ததும் சந்தாப் பக்கம் ஒன்று திறப்பதாக முடிவு. அதற்கு முன்னால் என்னென்ன யோசித்தேன் என்று எழுதிவைத்தால், இதே நிலையில் இருக்கிற நாலு பேருக்குப் பயன்படும்.

என் வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருகிறவன் என் அக்கா மகன். நான் பேச்செடுத்த அன்றே அவன் கையில் திட்டம் தயாராக இருந்தது.

"மாமா, சில்வர் 99, கோல்டு 299, டைமண்ட் 999. சில்வருக்கு ஒரு நாள் முன்னாடி வீடியோ. கோல்டுக்கு எக்ஸ்ட்ரா வீடியோ. டைமண்டுக்கு அந்தக் கல்லு எங்க இருக்குதுன்னு லொகேஷனே அனுப்பிடலாம். கமெண்ட்ல எல்லாரும் கேக்கறது அதத்தானே?"

அவன் சொன்னதில் பொய்யே இல்லை. அதிகம் பேர் கேட்பது இடத்தைத்தான். ஆனால் என்னிடம் இருப்பதில் விற்கவே கூடாத பொருளும் அது ஒன்றுதான்.

செங்கம் வட்டாரம் நடுகல்லுக்குப் பேர்போனது. 1972ல் தமிழக அரசின் தொல்லியல் துறை, நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்று தனித் தொகுதியே வெளியிட்டது. பல்லவர் காலத்தில் மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதிச் செத்தவர்கள், ஊரைக் காக்க நின்று செத்தவர்கள் என்று வட்டெழுத்தில் எழுதி நிறுத்திய கற்கள். எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு அவன் நாயும் இருக்கிறது. கோவிவன் என்று அந்த நாய்க்குப் பெயர். இரண்டு கள்ளர்களைக் கடித்தது என்பதையும் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். மகேந்திரவர்மன் காலத்து நாய்! நான் போட்டதிலேயே ஜனங்களுக்குப் பிடித்தது அந்த வீடியோதான்.

தொகுதியில் ஏறிய கற்கள் சரி, அவை ஊருக்குத் தெரிந்தவை. ஏறாத கற்கள் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புதருக்குள்ளும் கிடக்கின்றன. அவற்றின் அடியில் புதையல் இருக்கிறது என்று இன்னமும் நம்பி ராத்திரியில் கடப்பாரையோடு போகிறவர்கள் உண்டு. 999 ரூபாய் கட்டியவர் யார், எதற்குக் கட்டினார் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? டைமண்ட் அன்றைக்கே அடிபட்டுப் போய்விட்டது. மருமகனுக்கு மனத்தாங்கல்தான்.

மீதி இருப்பது கோல்டும் சில்வரும், அதாவது காசு கட்டியவருக்கு மட்டும் வீடியோ. யூடியூபில் பலர் இதைத்தான் செய்கிறார்கள், நான் தப்பு சொல்லவில்லை. சமையலோ பங்குச்சந்தையோ சொல்லித் தருகிறவர் தன் கைத்தொழிலை விற்கிறார். என் சரக்கு அப்படிப்பட்டதல்ல. கல் ஊருடையது. அதைப் படித்து அச்சிட்ட அறிஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தது அரசாங்கம், அதாவது நாம் கட்டிய வரி. "எங்க பாட்டன் கும்பிட்ட கல்லு" என்று சொல்லி வெயிலில் கூடவே நடந்து வந்து காட்டியவர் ஒரு கிராமத்துக்காரர். அந்தக் கல்லின் கதையைக் கதவு போட்டு மூடி, அவர் பேரப்பிள்ளையிடமே 299 ரூபாய் கேட்டால் அது எனக்கு ஒப்பவில்லை.

அப்படியானால் காசு எதற்குக் கேட்பது? இந்த இடத்தில் கொஞ்ச காலம் மாட்டிக்கொண்டு நின்றேன். பதில் எங்கள் ஊர்க் கோயிலிலேயே இருந்தது.

அண்ணாமலையார் கோயிலில் பக்தரிடம் பணம் வாங்கப் பல வழிகள் உண்டு. இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். முதலாவது கட்டண தரிசனம். சீட்டு வாங்கியவருக்குத் தனி வரிசை, வாங்காதவருக்கு நீண்ட வரிசை. ஒருவருக்குக் கிடைக்கும் வசதி மற்றவர் காத்திருப்பதில்தான் இருக்கிறது. இரண்டாவது தீபத்துக்கு நெய் காணிக்கை. 2,668 அடி மலை உச்சியில் மாலை 6 மணிக்கு ஏற்றும் தீபத்துக்கு இத்தனை ஆயிரம் கிலோ நெய், இத்தனை மீட்டர் காடாத் துணி என்று பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதும். அந்த நெய்யில் பெரும்பகுதி பக்தர்கள் கொடுப்பது. பணம் கட்டினால் ரசீது தருவார்கள். ஆனால் தீபம் எரிகிற 11 நாளும் யாரிடம் ரசீது இருக்கிறது என்று மலை பார்ப்பதில்லை. பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும், ஒரு பைசா கொடுக்காத எனக்கும் மொட்டை மாடியிலிருந்து தெரியும். நெய் கொடுத்தவருக்குத் தனியாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று. தீபம் எரிந்த கொப்பரை மலையிலிருந்து இறங்கிய பிறகு எடுக்கும் தீப மை, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திய பின், ரசீதைக் காட்டுகிறவர்களுக்குப் பிரசாதமாக வரும். ஒரு சிட்டிகை மை. அதற்காக யாரும் நெய் கொடுப்பதில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டு போய்ப் பூஜை மாடத்தில் பத்திரமாக வைக்கிறார்கள்.

என் பக்கம் நெய் காணிக்கை வழியில்தான் நடக்கும். வீடியோ எல்லாமே எல்லோருக்கும் திறந்திருக்கும். பணம் தருகிறவர் அடுத்த வீடியோ வருவதற்காகத் தருகிறார். அவருக்கு என் கையால் ஒரு சிட்டிகை மை உண்டு. அது என்ன என்று பிறகு சொல்கிறேன்.

இது ஏதோ புதுமை என்று நான் மார்தட்ட முடியாது. எழுத்தாளர் சாரு நிவேதிதா தன் இணையதளத்தில் வெளிப்படையாகச் சந்தாவும் நன்கொடையும் கேட்கிறார். எழுத்து என்னவோ எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. 2021ல் பத்திரிகையாளர் சமஸ் தொடங்கிய 'அருஞ்சொல்' இணைய இதழும் படிக்கிறவரிடம் கட்டணம் கேட்காமல், விரும்புகிறவர்களிடம் சந்தா கேட்டது. ரசிகர்கள் கலைஞர்களுக்குச் சந்தா கட்டும் பேட்ரியான் தளம் 2013ல் பிறந்ததும் இப்படித்தான். ஜாக் கான்டே என்ற இசைக்காரர் ரோபோக்களை எல்லாம் வைத்துப் பெருஞ்செலவில் ஒரு வீடியோ எடுத்தார். விளம்பரத்தில் வரப்போவது செலவில் ஒரு மூலைக்கும் காணாது என்று தெரிந்ததும், ரசிகர்களிடம் நேரடியாகக் கேட்க ஒரு இடத்தை நண்பரோடு சேர்ந்து உண்டாக்கினார்.

அதற்கும் வெகுகாலம் முன்னால் உ.வே. சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, புத்தகம் வெளிவருவதற்கு முன்பே பல ஊர் அன்பர்களிடம் கையொப்பம் வாங்கினார். புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்த அந்தக் கையெழுத்துகளை நம்பித்தான் அச்சுக்கூடத்துக்குப் போனார். இதே முறை எல்லோருக்கும் கைகொடுத்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1920ல் பாரதி தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடப் போவதாகவும், அதற்குக் கடனாகப் பணம் அனுப்பினால் வட்டியோடு திருப்பித் தருவதாகவும் நண்பர்களுக்குக் கடிதம் அச்சிட்டு அனுப்பினார். திட்டம் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் போய்விட்டார். பாரதிக்கே வராத பணம் நமக்கு வந்துவிடுமா என்று சோர்ந்து போகிற நாளும் உண்டு. அப்புறம், நான் 4 லட்சம் பிரதி அச்சிடப் போவதில்லையே என்று சமாதானம் செய்துகொள்வேன்.

அதே பாரதியிடமிருந்து இன்னொன்றை எடுத்துக்கொண்டேன். அவர் நடத்திய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் சந்தா எல்லோருக்கும் ஒரே தொகை இல்லை. அரசாங்கங்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் அதிகம், வருமானம் இறங்க இறங்கச் சந்தாவும் இறங்கும். கையில் கிடைப்பது என்னவோ அதே பத்திரிகைதான். மருமகனின் சில்வர், கோல்டு கணக்குக்கு இது நேர் எதிர். அங்கே அதிகம் கொடுத்தால் அதிகம் கிடைக்கும். இங்கே முடிந்தவர் அதிகம் கொடுக்கிறார், அவ்வளவுதான்.

ஆகவே என் பக்கத்தில் மூன்று தொகை இருக்கும். படிக்கிற பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு 150 ரூபாய். பொதுவாக 600. முடிந்தவர்களுக்கு 2,000. மூவருக்கும் கிடைப்பது ஒன்றே. யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று அடையாள அட்டையெல்லாம் கேட்கப் போவதில்லை. பொய் சொல்லி 150 கட்டுகிறவர் இருந்தால் இருக்கட்டும். அந்த 450 ரூபாயைக் காப்பாற்ற நான் வாசலில் காவல் நின்றால் நடுகல் பார்க்க யார் போவது?

ஏன் மாதச் சந்தா இல்லை என்று கேட்பீர்கள். இங்கேதான் ரிசர்வ் வங்கி வருகிறது. 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாக மாதாமாதம் பணம் எடுப்பதற்குக் கடுமையான விதிமுறை நடைமுறைக்கு வந்தது. பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். ஓ.டி.பி. இல்லாமல் எடுக்கும் தொகைக்கு 5,000 ரூபாய் வரம்பு, 2022ல் அதை 15,000 ஆக்கினார்கள். வாடிக்கையாளர் பக்கமிருந்து பார்த்தால் அருமையான விதி. தெரியாமல் பணம் போய்க்கொண்டே இருந்த காலம் முடிந்தது. நம் பக்கமிருந்து பார்த்தால், "நாளைக்கு 50 ரூபாய் எடுக்கப் போகிறோம், வேண்டாமென்றால் சொல்லுங்கள்" என்று ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை நாமே சந்தாதாரரை எழுப்பிக் கேட்கிறோம். போன மாதம் அவர் என் வீடியோவே பார்த்திருக்கமாட்டார், அந்த நேரத்தில்தான் எஸ்.எம்.எஸ். போய் நிற்கும். ஆண்டுக்கு ஒரு முறை கேட்டால் போதும். நம்மவர்களுக்கும் பத்திரிகைக்கு ஆண்டுச் சந்தா கட்டிப் பழக்கம் உண்டு.

ஆயுள் சந்தா கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். சிறுபத்திரிகை உலகில் ஆயுள் சந்தா என்றால் பத்திரிகையின் ஆயுளா, சந்தாதாரரின் ஆயுளா என்று கிண்டலாகக் கேட்பார்கள். பெரும்பாலும் பத்திரிகைதான் முந்திக்கொள்ளும். எங்கள் ஊரில் விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. செங்கம் சாலையில் ரமணாசிரமம் 1964 ஜனவரியில் ஆர்தர் ஆஸ்பர்னை ஆசிரியராகக் கொண்டு 'மவுண்டன் பாத்' காலாண்டிதழைத் தொடங்கியது. அதன் பழைய இதழ்களில் ஆயுள் சந்தாதாரர் பெயர்களை நாடு வாரியாகப் பட்டியல் போட்டிருப்பார்கள். அறுபது ஆண்டு தாண்டி அந்த இதழ் இன்றும் வருகிறது. ஆனால் அதன் பின்னால் ஓர் ஆசிரமம் இருக்கிறது. என் பின்னால் இருப்பது அக்கா மகனும் ஒரு ஸ்பிளெண்டரும்.

எத்தனை பேர் சேர்ந்தால் போதும்? கெவின் கெல்லி 2008ல் எழுதிய கட்டுரையை இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் வேதம் மாதிரி ஒப்பிப்பார்கள். ஆயிரம் உண்மையான ரசிகர்கள் ஆண்டுக்கு ஆளுக்கு 100 டாலர் கொடுத்தால் ஒரு கலைஞன் பிழைத்துக்கொள்வான் என்பது அவர் கணக்கு. கலிபோர்னியாக் கணக்கு அது. இங்கே சி.சு. செல்லப்பா 1959ல் 'எழுத்து' சிறுபத்திரிகையைத் தொடங்கியபோது 2,000 பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அறிவித்தார். அந்த எண்ணை அது தொடவே இல்லை. இருந்தும் 1970 வரை 119 இதழ் கொண்டு வந்தார், புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக விற்றார். தமிழில் புதுக்கவிதை கால் ஊன்றியது அந்தச் சில நூறு பேர் படித்த பத்திரிகையில்தான். நான் குறித்துவைத்திருப்பது 200 பேர். சராசரியாக 600 என்றால் 1,20,000 ரூபாய். மாதம் 10,000. பெட்ரோல், புத்தகம், மருமகனுக்குக் கொஞ்சம். வீட்டுச் செலவு இதில் ஓடாது, ஓடும் என்று யாரும் நம்பி வேலையை விட வேண்டாம்.

இனி எந்த வழியில் வாங்குவது என்ற தலைவலி. யூடியூபிலேயே 'ஜாயின்' பொத்தான் வைக்கலாம். 500 சப்ஸ்கிரைபர், 90 நாளில் 3 வீடியோ, ஓராண்டில் 3,000 மணி நேரப் பார்வை இருந்தாலே விண்ணப்பிக்கலாம். வரி போக வருவதில் 70 சதவீதம் நமக்கு. 99 ரூபாய்க்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருப்பதாக வைத்தால் வரி போக 84 ரூபாய், அதில் நம் கைக்கு 59 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. அதைவிட எனக்கு உறுத்துவது, சேர்ந்தவர்களின் மின்னஞ்சல் நமக்கு வராது. நாளைக்கே சேனலுக்கு ஏதாவது ஆனால் பணம் கட்டியவர்களிடம் போய்ச் சொல்லக்கூட வழி இருக்காது.

மின்னஞ்சல் இதழ்களுக்கான சப்ஸ்டாக் தளம் ஸ்ட்ரைப் என்ற கட்டண வாயில் வழியாகத்தான் பணம் வாங்கும், ஸ்ட்ரைப்போ இந்தியாவில் புதிதாக வருகிறவர்களை அழைப்பின் பேரில்தான் சேர்க்கிறது. பேட்ரியான் 2025 ஆகஸ்டுக்குப் பிறகு தொடங்கும் பக்கங்களுக்கு 10 சதவீதம் எடுக்கிறது, பணம் கையாளும் செலவு தனி. 2017 டிசம்பரில் அந்தச் செலவை ஆதரவாளர் தலையில் கட்டப் பார்த்து, ஒரு டாலர், இரண்டு டாலர் கொடுத்தவர்கள் கூட்டமாக வெளியேறத் தொடங்கியதும் மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. நம் ஊர்க் கட்டண வாயில்கள் பொதுவாக 2 சதவீதமும் அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் எடுக்கின்றன. 600 ரூபாயில் 14 ரூபாய் சொச்சம். யு.பி.ஐ.யில் நேராக வாங்கினால் அதுவும் மிச்சம். ஆனால் யார் கட்டினார், எப்போது முடிகிறது என்று நோட்டுப் போட்டு எழுத வேண்டும். 200 பேருக்கு நோட்டு எழுதலாம் என்றே நினைக்கிறேன். உள்நாட்டுக்கு யு.பி.ஐ., வெளிநாட்டுக்கு பேட்ரியான் என்று இரண்டு வாசல் வைக்கப் போகிறேன்.

வெளிநாடு என்றதும் ஒரு எச்சரிக்கை. டொராண்டோவிலும் லண்டனிலும் இருக்கும் தமிழர்கள் அன்போடு "நன்கொடை அனுப்பட்டுமா" என்று கேட்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால் சிக்கல் குறைவு. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் சட்டத்தின் கண்ணில் அயலார். கல்வி, பண்பாட்டு வேலை என்று சொல்லி அவரிடம் நன்கொடை வாங்கினால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் குறுக்கே வந்து நிற்கலாம். செய்கிற வேலைக்குக் கட்டணமாக வாங்குவது அதில் அடங்காது. ஆகவே என் பக்கத்தில் நன்கொடை என்ற பொத்தானே கிடையாது, சந்தா மட்டும்தான், ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு. ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. என் நிலைமையில் அது ஒரு இன்பக் கனவு. வருமான வரிக் கணக்கில் மட்டும் முதல் ரூபாயிலிருந்து காட்ட வேண்டும். எதற்கும் உங்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், நான் கல் படிக்கிறவன்.

சரி, மை. சந்தாதாரருக்கு மாதம் ஒரு களக்குறிப்பு மின்னஞ்சலில் வரும். அந்த மாதம் போன இடங்கள், படிக்க முடியாமல் திண்டாடிய எழுத்து, ஊர்க்காரர்கள் சொன்ன கதை, கல்லிலிருந்து எடுத்த மைப்படியின் படம். ஊர்ப் பெயர் இருக்கும், வரைபடப் புள்ளி இருக்காது. ஆறு மாதம் கழித்து அதுவும் எல்லோருக்கும் திறந்துவிடும். ஆண்டு முடிவில் விரும்புகிறவர்கள் பெயரை வீடியோவின் கடைசியில் போடுவோம், தொகை போடமாட்டோம். இவ்வளவுதான் வாக்குறுதி. வாரம் ஒரு நேரலை, கேள்வி பதில், தனி வாட்ஸ்அப் குழு என்று மருமகன் நீட்டிய பட்டியலை வெட்டிவிட்டேன். முதல் மாத உற்சாகத்தில் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் பத்தாவது மாதம், காய்ச்சலில் கிடக்கும்போதும், செய்தாக வேண்டும். பௌர்ணமி கிரிவலத்தன்று எங்கள் தெருவில் நேரலை வைத்தால் தற்காலிகப் பேருந்து நிலையத்து ஹாரன் சத்தம்தான் 200 பேருக்கும் கேட்கும்.

கடைசியாகப் பேசி முடித்தது பணத்தை எங்கே வைப்பது என்று. ஆண்டுச் சந்தா வந்த அன்று அது என் வருமானம் இல்லை, பன்னிரண்டு மாத வேலைக்கு வாங்கிய முன்பணம். தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி, வருவதை அதில் போட்டு, மாதம் முடிந்து களக்குறிப்பு போன பிறகு பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் எடுப்பது. நடுவில் நின்றுபோனால் மீதி மாதத்துக் காசு வந்த வழியே திரும்பிப் போகும். இதைப் பக்கத்தின் மேலேயே எழுதிவைக்கப் போகிறேன்.

மருமகன் மனக்கணக்கு போட்டுப் பார்த்தான்.

"அப்ப 200 பேரும் மொத நாளே சேந்தாலும் புதுக் கேமரா வாங்க முடியாதா மாமா?"

"முடியாதுடா."

"டைமண்ட் மட்டும் வச்சிருந்தா..."

"லென்ஸத் தொட, செங்கத்துக்குக் கெளம்பணும்."